சுடாத நெருப்பும் ஒரு கையொப்பமும்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு அது தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் என் நினைவாற்றல் அன்று. நோயாளியிடம் பேசத் தொடங்கும் நேரத்தை ஒப்புதல் படிவத்தின் மேல்மூலையில் எழுத வேண்டும் என்பது நம் மருத்துவமனையின் விதி. அந்தப் படிவத்தின் படியை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் படிவங்களை நிரப்பும் முறை பற்றி ஒரு குறிப்பு எழுதித் தரும்படி மேலாளர் கேட்டார். படிவம் நிரப்புவது ஒரே பிற்பகலில் பழகிவிடும். அதற்கு என் குறிப்பு தேவையில்லை. மூன்றாண்டுகள் காலையில் வகுப்பும் மதியத்துக்கு மேல் இந்த வேலையுமாக இருந்துவிட்டு, ஆய்வேட்டை முடிப்பதற்காக விலகுகிறேன். இருபத்தைந்து வயதில் பணி அனுபவம் எழுதுவது சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இந்த நாற்காலியில் எனக்குப் பிறகு உட்காரப்போகிறவர்கள் என்ற முறையில் நீங்கள் எனக்கு இளையவர்கள்.

அறுவை சிகிச்சை என்று மருத்துவர் முடிவு செய்ததும், அது என்ன, எதற்காக, செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றை நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளங்கும் தமிழில் சொல்லிக் கையொப்பம் வாங்குவது நம் வேலை. கேட்பதற்கு எளிது. நம்மிடம் வருகிறவர்களில் பலர் நம்மிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுவதில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். சோதிடரிடம் கேட்பார்கள், குலதெய்வத்திடம் கேட்பார்கள், பல்லி எந்தப் பக்கம் சத்தமிட்டது என்று பார்ப்பார்கள். ஆத்தூரிலிருந்து வந்த அரிசி ஆலைக்காரர் ஒருவர், எமகண்டம் முடியும்வரை பேனாவைத் தொட மாட்டேன் என்று கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. காப்பி வரவழைத்துக் கொடுத்தேன், மகிழ்ச்சியாகக் குடித்தார். காப்பிக்கு எமகண்டம் இல்லையா என்று வார்டு சிஸ்டர் கேட்டதற்கு, வாய்க்குள்ளே போவதற்கெல்லாம் நேரம் பார்ப்பதில்லை என்றார். இருபது நிமிடத்தில் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை. அப்படிப்பட்ட நேரங்களில் காத்திருங்கள். அதில் எந்தத் திறமையும் வேண்டியதில்லை.

செல்லமுத்துவின் விஷயத்தில் காத்திருக்க நேரம் இல்லை.

அவர் ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் மரவள்ளி பயிரிடுகிறவர். அறுபதை ஒட்டிய வயது, நெடுநாள் சர்க்கரை நோய். அந்த ஆடியில் ஊர் மாரியம்மனுக்குத் தீ மிதித்தபோது இடது உள்ளங்காலில் கொப்புளம் எழும்பியிருக்கிறது. வலிக்கவில்லை, ஆகவே அவர் அதைப் பார்க்கவே இல்லை. படுக்கை விரிப்பில் சீழ்க்கறையைக் கண்டுதான் மனைவி பாவாயி அவர் காலைத் திருப்பிப் பார்த்தார். எங்களிடம் வந்தபோது மூன்று விரல்கள் கறுத்திருந்தன. அறுவை மருத்துவர், நிதானமாகப் பேசும் ஒரு பெண்மணி, நண்பகலில் அவருடைய கெண்டைக்காலில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை அளந்து பேனாவால் ஒரு கோடு போட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லி, விளக்கிவிட்டு வரும்படி அனுப்பினார்.

நான் அவர் கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து, படிவத்தில் நேரத்தை எழுதிவிட்டு, காயம் எப்படி வந்தது என்று வழக்கமான முதற் கேள்வியைக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. காலைப் பற்றிக் கேட்டவர்கள் பலர். தீ மிதித்ததைப் பற்றிக் கேட்டது நான்தான் முதல்.

“இருவத்திரெண்டு வருசமா எறங்கறனுங்க அம்மிணி. மத்த வருசமெல்லாம் சுடும். பல்லக் கடிச்சுக்கிட்டுத் தாண்டீருவன். இந்த வருசம் பாருங்க, பூவு மேல நடந்தாப்பல இருந்துது. ஆத்தா என்னக் கையில ஏந்திக்கிட்டா.”

மருத்துவ அறிக்கை என் மடியில் இருந்தது. இரு கால்களிலும் தொடுவுணர்ச்சி குறைந்திருப்பதாக அதில் எழுதியிருந்தது. சரியாகச் சொல்ல வேண்டும் என்பது எனக்குச் சிறுவயது முதல் உள்ள பழக்கம். பிழையான ஒரு வாக்கியத்தை என் முன்னால் கிடக்க விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக எனக்குத் தெரியாது.

“அது அம்மன் இல்லைங்க ஐயா. சர்க்கரையால உங்க கால் நரம்பு செத்துப்போச்சு. அதனாலதான் சுடலை” என்றேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். கோபம் வந்திருந்தால் நான் அதற்கு விடை வைத்திருப்பேன். கோபம் வரவில்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் மட்டும், கதவைச் சாத்தியதுபோல, போய்விட்டது. “கையெழுத்தெல்லாம் வேண்டாம். எந்திரிச்சுப் போ சாமி” என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாவாயி கொண்டுவந்த கஞ்சியையும் அவர் தொடவில்லை.

வார்டு சிஸ்டருக்கு நான் தமிழ் படிப்பது எப்போதுமே ஒரு வேடிக்கை. இருபது ஆண்டு ஊசி போட்டும் இப்படி ஒரு வார்த்தையில் எந்த நோயாளியையும் தான் படுக்கவைத்ததில்லை என்றும், புலவரம்மா வாயில் நல்ல மயக்க மருந்து இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். மருத்துவர் கேலி செய்யவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அறுவை அரங்கம் தயாராக இருக்கும் என்றார். அதைத் தவறவிட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும். அதையும் தவறவிட்டால் காலைப் பற்றிய பேச்சே இருக்காது என்றார். நோயாளி தெளிவாக இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் தொட மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்து நான் செய்ததையும் மறைக்கக் கூடாது. மனைவி சம்மதித்தால் அவர் வழியாகக் கணவரை இணங்கவைத்துவிடலாம் என்று கணக்கிட்டு, உறவினர் படிவத்தை எடுத்துக்கொண்டு பாவாயியைத் தேடிப் போனேன். அவர் கைப்பையோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய் அம்மனிடம் பூக் கேட்டுவிட்டு வந்துதான் எதையும் சொல்ல முடியும் என்றார். நான் படிவத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

பூக் கேட்பது உங்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனி இலையில் வைத்து, வேறுபாடு தெரியாமல் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். மனத்திலுள்ளதைச் சொல்லிவிட்டு, ஒரு சிறுமியை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் வெள்ளை வந்தால் ஆம். சிவப்பு வந்தால் இல்லை.

பிற்பகல் முழுவதும் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். இரண்டு பொட்டலம், இரண்டில் ஒன்று. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒரு மனிதரின் உயிரை அதன்மேல் வைப்பதா? சிவப்பு வந்தால் என்ன பேச வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். ஏழு வாதங்கள் சேர்ந்தன. வரிசைப்படுத்தி, வலிமையானதைக் கடைசியில் வைத்தேன். கட்டுரை எழுதுகிறவளின் புத்தி.

மாலை ஏழரை மணிக்கு மேல் பாவாயி திரும்பி வந்தார். உள்ளே போகாமல் வார்டுக்கு வெளியே இருக்கும் இரும்பு இருக்கையில் உட்கார்ந்தார். விரித்த வாழையிலைத் துண்டு கையில் இருந்தது. அதில் ஒரு செவ்வரளி. நான் குறிப்பேட்டோடு அவரருகே போய் நின்றேன்.

அந்த நேரத்தில் என்னைத் தடுத்தது அறிவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறவரிடம் முதல் வாதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, “என்னம்மா கேட்டீங்க?” என்றேன்.

“‘எம் மனுசன் காலோட ஊட்டுக்கு வருவாரா ஆத்தா’ன்னு கேட்டனுங்க. செவப்பு வந்துருச்சு.”

எனக்கு உடனே விளங்கவில்லை. “ஆபரேஷன் வேண்டாம்னு அம்மன் சொல்லலையா?”

“அத நான் கேக்கவே இல்லீங்களே. டாக்டரம்மா சொன்னது பொய்யாப் போயிராதான்னுதான் கேட்டன்.”

“அப்புறம் ஏம்மா உள்ள போகல?”

அவர் இலையை மடித்தார். “நீங்களும் ஆத்தாளும் ஒண்ணையே சொல்லிப்போட்டீங்க. இன்னி யாருகிட்டப் போயிக் கேக்கறது?”

குறிப்பேட்டை மூடிவிட்டேன். நான்கு மணி நேரம் நான் எழுதி வைத்திருந்த ஏழு வாதங்களும், எவரும் சொல்லாத ஒன்றை எதிர்த்து எழுதப்பட்டவை. பூ எதிராகத்தான் பேசும் என்று முடிவுகட்டிக்கொண்டு, என்ன கேட்கப்போகிறீர்கள் என்ற ஒரு கேள்வியை மாடிப்படியில் கேட்கத் தவறியவள் நான். சான்றைத் தேடாமல் முடிவுக்குப் போகிறவர் என்று யாரைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தேனோ, அவர் முறையாகக் கேட்டு முறையாக விடை பெற்று வந்திருந்தார். அவருக்கு அறிவதில் குறை எதுவும் இல்லை. அறிந்ததைத் தாங்குவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

கணவரிடம் நீங்களே சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார். பிற்பகலில் அவரிடம் நான் ஒரு முறை சொல்லி முடித்த அழகு போதும் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல், இருவருமாகப் போகலாம் என்றேன்.

செல்லமுத்து சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கவில்லை. தலையணையைச் சாய்த்து எழுந்து உட்கார்ந்து, போர்வையை விலக்கித் தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மிணி, இங்க வா. இந்தக் கோட்டப் பாரு” என்றார். மருத்துவரின் பேனாக்கோட்டுக்கு மேலே தம் இரு விரல்களைச் சேர்த்துக் கிடையாக வைத்தார். சிவப்பு அந்த விரல்களையும் தாண்டித் தெரிந்தது. “மத்தியானத்துக்கு அப்புறம் ரெண்டு வெரக்கடை ஏறிப்போச்சு. கெணத்துல தண்ணி நிக்குதா எறங்குதான்னு படியில குறி போட்டு வெச்சுத்தான் நாங்களும் பாப்பம். ஊசி போட்டும் ஏறுதுன்னா நிக்காது.” பிறகு தலை நிமிராமலே கேட்டார்: “அந்த நரம்பு எப்பச் செத்துது?”

ஒரே நாளில் இல்லை, இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக என்று மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்ததைச் சொன்னேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். போன ஆண்டு பாதிதான் சுட்டது என்றார். அதற்கு முந்திய ஆண்டு நன்றாகச் சுட்டது. கரையேறியதும் சூடு ஆறப் பால் ஊற்றி வைத்த குழியில் காலை வைத்தது நினைவிருக்கிறது என்றார். வலது கால் எப்படி என்று கேட்டேன். இந்த ஆண்டு அதன் நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் வெப்பம் தெரிந்ததாகச் சொன்னார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். பிறகு அதைப் படித்த மருத்துவர் அன்றிரவே வலது காலையும் முழுமையாகச் சோதிக்கச் சொன்னார். எந்த ஆண்டு எவ்வளவு சுட்டது என்று ஆண்டுதோறும் இவ்வளவு கவனமாக நினைவில் வைத்திருந்த ஒருவரிடம், அதைக் கேட்பதற்குப் பதிலாக, நான் பிற்பகலில் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு, பேசியே ஆக வேண்டும் என்று பட்டதால் பேசினேன். “மத்தியானம் நான் ரெண்டு விஷயம் சொன்னேனுங்க ஐயா. நரம்பு செத்துப்போச்சுங்கறது டாக்டர் பார்த்து ஃபைல்ல எழுதினது. அம்மன் இல்லைங்கறது ஃபைல்ல இல்லை. அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.”

“தெரியாதுங்கறத மத்தியானமே சொல்லியிருந்தீன்னா நான் கஞ்சியாச்சும் குடிச்சிருப்பன்” என்றார்.

பாவாயி சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் கையிலிருந்த இலையை அப்போதுதான் செல்லமுத்து கவனித்தார். என்ன வந்தது என்று கேட்டார். சிவப்பு என்றார் பாவாயி. என்ன கேட்டாய் என்றார். பாவாயி அம்மனிடம் கேட்டதை, அதே சொற்களில், தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“எங்கிட்ட இதுநாள்வரைக்கும் ஒண்ணையும் நீ இப்படி நேராக் கேட்டதில்ல புள்ள” என்றார் செல்லமுத்து.

“நீங்க நேராப் பதில் சொல்ற ஆளுங்களா?” என்றார் பாவாயி.

அதற்குப் பின் செல்லமுத்து சொன்னதை நான் அன்று விடுதிக்குப் போனதும் எழுதி வைத்தேன். அவர் அதை எனக்காகச் சொல்லவில்லை, மனைவியிடம்கூட இல்லை. காலைப் பார்த்துச் சொன்னார்.

“இருவது வருசம் சுட்டுது. சுடச்சுட நடந்தன். அதானே வேண்டுதலு? சுடாத நெருப்புல எவன் வேணாலும் நடப்பான். இந்த வருசம் சுடலைன்னதும் நான் நின்னு பாத்திருக்கோணும். ஆத்தா ஏதோ சொல்லியிருக்கா. எனக்குப் பெருமை, காதுல ஏறல.”

நம்பிக்கையை விட்டுவிட்டு அவர் அந்த இடத்துக்கு வரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார். சுடவில்லை என்பது அவர் கண்டது. அருள் என்பது அதற்கு அவர் கொடுத்த பொருள். கண்டதை மாற்றாமல் பொருளை மட்டும் தாமாகவே மாற்றிக்கொண்டார். இதே இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் என் ஆசிரியர்கள் ஆறு ஆண்டுகளாக எனக்குக் கற்பித்து வருகிறார்கள். நான் நம்புகிறவளா இல்லையா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த இடத்தில் அது தேவைப்படவும் இல்லை. அம்மன் சொன்னாள் என்பதை என்னால் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கோட்டுக்கு மேலே சிவப்பு ஏறியிருந்தது. அதை மூவரும் பார்த்தோம்.

உறவினர் படிவத்தைத்தான் நான் கையில் வைத்திருந்தேன். அவர் அதை வாங்கி, பெயர் எழுதும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “காலு என்னுது. கையெழுத்து அவ எதுக்குப் போடோணும்?” என்றார். நோயாளியின் படிவத்தைக் கொடுத்தேன். செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை வரிவரியாகச் சொன்னேன். ‘பெரும்பாலும்’ என்று நான் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் அவர் தலையசைத்தார். கையொப்பமிட்டுவிட்டுக் கஞ்சி கேட்டார். கஞ்சிக்கு நேரம் கடந்துவிட்டது என்று சிஸ்டர் மறுத்து, பின்னர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அரை டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது என் பக்கம் திரும்பி, புலவரம்மா வாயில் மயக்கம் தெளிய வைக்கும் மருந்தும் இருக்கிறதுபோலும் என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டை எதிர்பார்க்காதீர்கள்.

அறுவை நன்றாக முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் செயற்கைக் காலோடு சோதனைக்கு வந்தவர், ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். மென்மை கருதி எதையும் குறைக்கக் கூடாது. குறைத்தால் அவர்கள் எதற்குச் சம்மதிக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகும். ஆனால் உங்களுக்குத் தெரிந்த உண்மை எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். நரம்பு செத்துப்போயிற்று என்பதோடு நான் நின்றிருந்தால் ஒரு முதியவர் பட்டினியாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க மாட்டார்.

அறுவை நாளன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. அஸ்தம்பட்டி விடுதியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டேன். பாவாயி வாசலிலேயே நின்றிருந்தார். எடுத்த பிறகு அந்தக் காலை என்ன செய்வார்கள் என்று கேட்டார். மருத்துவமனைக் கழிவோடு எரித்துவிடுவார்கள் என்று சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். எழுதிக் கேட்டால் வீட்டாரிடம் ஒப்படைக்க வழி உண்டு என்பதையும் சொன்னேன். தங்கள் காட்டிலேயே புதைக்க வேண்டும் என்றார். அப்படி ஒரு விண்ணப்பத்தை நான் அதுவரை எழுதியதில்லை. ‘அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் உடலுறுப்பை அடக்கம் செய்யும் பொருட்டு எங்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதி, செல்லமுத்துவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“உடலுறுப்புன்னு போட்டா யாருதுன்னே தெரியாமப் போயிரும் சாமி. என்ர எடது காலுன்னு எழுது.”

வேறொரு தாள் எடுத்து, ‘என்னுடைய இடது காலை’ என்று எழுதினேன். அவர் அதற்குக் கீழே கையொப்பமிட்டார்.